பின்னணியில் இருந்தவை

டொரொண்டோவில் எனக்குச் சத்தங்களுக்குப் பெயர் எழுதும் வேலை. படங்களுக்கும் தொடர்களுக்கும் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறேன்; பெரும்பாலும் ஆங்கிலத்தில், எப்போதாவது தமிழில். காது கேளாதவர்களும் படிப்பார்கள் என்பதால் வசனத்தை மட்டும் எழுதினால் போதாது. ‘கதவு தட்டும் சத்தம்’, ‘தொலைவில் இடி’, ‘அவள் பெருமூச்சு விடுகிறாள்’ என்று எல்லாவற்றையும் எழுத்தாக்கித் தர வேண்டும். இதில் ஒரு விதி இருக்கிறது. கதையை நகர்த்தும் சத்தத்தை எழுது, பின்னணியில் சும்மா கிடப்பதை விட்டுவிடு. தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டுக் குக்கர், எங்கோ அழும் பிள்ளை, இவற்றையெல்லாம் எழுதினால் திரை நிரம்பிவிடும். பார்ப்பவருக்குத் தலை வலிக்கும். விதி சரிதான். நாள் முழுக்க அப்படி விட்டுவிட்டு வீடு திரும்பினால் என் காதில் மிச்சமிருப்பவை விட்ட சத்தங்கள்தாம். அவையும் இந்த ஊரில் விட்டவை இல்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் விட்டவை. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் நெல்லிக்குப்பத்துக்கு அடுத்து வரும் பேரூர். உங்களுக்கும் இப்படி ஓர் ஊர் இருக்கும். பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் “அது எங்க இருக்கு?” என்பார். பக்கத்து ஊரைச் சொல்வீர்கள், அதுவும் தெரியவில்லை என்றால் மாவட்டத்தை, அதுவும் தெரியாதபோது “பாண்டிச்சேரி கிட்ட” என்று சொல்லிப் பேச்சை முடிப்பீர்கள். நான் பண்ருட்டி என்பேன். பலாப்பழம் என்று சிலர் முகம் மலரும். இங்கே தமிழ்க் கடைகளில் டின்னில் அடைத்த பலாச்சுளை கிடைக்கிறது, தாய்லாந்திலிருந்து வருகிறது. சுளைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இனிப்பு. கையில் பால் ஒட்டாது. எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு முறை வாங்கினேன். அதோடு சரி.

நான் சொல்ல வந்தது பலாவைப் பற்றி அல்ல, ஒரு படிப்பைப் பற்றி. ஆனால் இரண்டையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை.

விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாகி, 2010-இல் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த வருஷம்தான் நான் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், சேர்ந்தேன். பாதை வேலை நடந்த வருஷங்களில் எங்கள் ஸ்டேஷன் புல் முளைத்துக் கிடந்தது, ஆடு மேய்ந்தது. திடீரென்று ஒரு காலையில் புதுத் தண்டவாளத்தில் பாசஞ்சர் வந்து நின்றபோது, ரயிலும் கல்லூரியும் எனக்காகவே சொல்லிவைத்துக்கொண்டு ஒன்றாகத் திறந்ததாகத் தோன்றியது. பதினேழு வயதில் எல்லாம் நமக்காகத்தான் நடக்கும்.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு, திருப்பாதிரிப்புலியூர், அதாவது கடலூர். அவ்வளவுதான் பயணம். காலையில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். பெட்டியில் கீரைக் கட்டும் பூக்கூடையும் நாங்களும் மட்டும். மாலையில் முதுநகர்ப் பக்கமிருந்து மீன்காரம்மாக்கள் காலிக் கூடையோடு ஏறி, கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையைக் கிள்ளியபடி அன்றைய கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டு வருவார்கள். யார் எவ்வளவு பாக்கி, எந்த வீட்டுக்காரி பேரம் பேசியே கொல்கிறாள், எந்தப் படகு நல்ல வஞ்சிரம் கொண்டு வந்தது. அப்போது எனக்கு அந்த வாடையும் சத்தமும் தொல்லை. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அவர்களில் ஒருத்தர் ஒரு நாள் என்னைக் கேட்டார்.

“இன்னா படிக்கிற பாப்பா?”

சொன்னேன். போட்டோ, சினிமா, பேப்பர், ரேடியோ எல்லாம் சேர்ந்த படிப்பு என்று விளக்கினேன்.

“போட்டோ புடிக்கவா மூணு வருஷம்?” என்றார் அவர், உண்மையான கவலையோடு.

வீட்டிலும் இதே கேள்விதான், கொஞ்சம் மெருகேறிய வடிவில். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியரிங்தான். என் மதிப்பெண்ணுக்கும் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். சித்தப்பா வந்து அப்பாவிடம் ஒரு மாலை முழுவதும் பேசினார். அப்பா ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். கடைசியில் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, “பி.எஸ்சி.ன்னுதான போட்டிருக்கு? சயின்ஸுதான?” என்றார். நான் ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். தமிழ்நாட்டில் எத்தனை விஸ்காம் பிள்ளைகளை அந்த மூன்று எழுத்து காப்பாற்றியிருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்து, அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி, அவர் இல்லை என்பது பிறகு நினைவுக்கு வருகிறது.

வகுப்பில் நாங்கள் எல்லாரும் இயக்குநர்கள். கலைஞர் டிவியில் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி ஓடிக்கொண்டிருந்த காலம். குறும்படம் எடுத்தவர்கள் கோடம்பாக்கத்துக்குள் நேராக நுழைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இறுதியாண்டில் இருந்தபோது, 2012-இல், அப்படி நுழைந்த கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்டில் புதிய தலைமுறை தொலைக்காட்சி தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேர் செய்தியாளர்களாக மாறினார்கள். பெஞ்சில் ஸ்கேலை மைக்காகப் பிடித்துக்கொண்டு “கடலூரிலிருந்து…” என்று ஆரம்பிப்பார்கள். விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு எழுதிப் போட்டவர்கள் தபால்காரரை வழிமறித்தார்கள். அந்த வயதுக்கு அந்த வருஷங்கள் பொருத்தமாக அமைந்தன. கையில் ஸ்மார்ட்போன் இல்லை, ஆசை மட்டும் இருந்தது.

படிப்பில் என்ன இருந்தது என்று கேட்டால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். முதல் வருஷம் கேம்லின் போஸ்டர் கலரும் பென்சிலும். மனித உடம்பைத் தலையளவில் பிரித்து வரைய வேண்டும். கேவல் ஜே. குமாரின் தடித்த புத்தகம், நூலகத்தில் அட்டை கழன்று கிடக்கும். 1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய பெங்கால் கெஜட், 1713-இல் தரங்கம்பாடியில் ஓடிய தமிழ் அச்சுப்பொறி, பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ). கோரல் டிரா, போட்டோஷாப். கம்ப்யூட்டர்கள் எங்களைவிடக் குறைவு. ஒரு மவுஸுக்கு மூன்று கை. ரெக்கார்டு நோட்டில் மார்ஜின் போட்டு, படம் ஒட்டி, கையெழுத்து வாங்கி… இதையெல்லாம் படித்தவர்கள் இந்த வரியிலேயே ஒரு முறை கண்ணை மூடித் திறப்பார்கள்.

இவற்றில் பல மறந்துவிட்டன. மறக்காமல் இருப்பது ஒரு குரல்.

எங்களுக்கு வாய்த்த சார் புகைப்படமும் பத்திரிகை வரலாறும் எடுத்தார். பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வார். தொண்டை கொஞ்சம் கரகரப்பு, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பார், மீதியை நாங்கள் முடித்துக்கொள்ள வேண்டும். வரலாற்றை அவர் எங்கோ நடந்ததாகச் சொல்ல மாட்டார். பாரதியைக் கவிஞராக அறிந்து வந்த எங்களுக்கு அவர் காட்டியது ஒரு பத்திரிகைக்காரரை. 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர், பிறகு ‘இந்தியா’ வார இதழ், தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழிபோட்டது, 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனது, அங்கிருந்தும் இதழை நடத்தியது, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதை நுழையவிடாமல் தடுத்ததும் 1910-இல் அது நின்றுபோனது. புதுச்சேரி போய்ப் பத்து வருஷம் கழித்து, எல்லையைத் தாண்டியதும் கைது. 1918 நவம்பர் 20. வைத்திருந்தது கடலூர்ச் சிறையில், 24 நாள்.

“நீங்க தெனம் ரயில்ல வந்து எறங்கற ஊர்தாம்மா,” என்றார் சார். “ஒரு எடிட்டர இங்கதான் உள்ள வச்சிருந்தாங்க. இந்த ஊர்ல ஒண்ணும் நடக்காதுன்னு நெனச்சிகினுதான வர்றீங்க? மொதல்ல…”

சன்னலைப் பார்த்தார்.

அன்று மாலை கெடிலம் பாலத்தைக் கடந்து ஸ்டேஷனுக்கு நடந்தபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. சிறை இருக்கும் கேப்பர் மலைப் பக்கம் போகும் பஸ்ஸின் பலகையை முதல் முறையாகப் படித்தேன். மஞ்சக்குப்பம் என்றால் எங்களுக்குத் திடலும் கலெக்டர் ஆபீசும்தான். ஜெயகாந்தன் 1934-இல் பிறந்த கடலூர் இது என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ரயிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படிச் சும்மா பார்த்துக்கொண்டு வர ஒரு சன்னல் இருந்தது. இங்கே சுரங்க ரயிலில் சன்னல் இருக்கிறது, வெளியே சுவர்.

ஃபிலிமில் படம் எடுத்துக் கழுவிய கடைசி வகுப்பு எங்களுடையதுதான். இருட்டறையில் சிவப்பு விளக்கு, ஹைப்போ வாடை, தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் கறுப்பு மெல்ல ஊறி மேலே வரும் அந்தச் சில விநாடிகள். என் முதல் ரோலில் ஆயாவை எடுத்திருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சார் அந்தப் பிரின்ட்டை வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆயாவின் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆணியில் தொங்கிய அப்பாவின் ஆலைச் சட்டை, கிழிக்காமல் விட்ட நாட்காட்டி, சுவரோடு சாய்ந்து நின்ற முறம், இவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டு விரலால் தொட்டார்.

“ஆளத்தான் எல்லாரும் பாக்கறாங்க. நீ மொதல்ல பின்னால பாரு. பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சிகினு அப்புறம் ஆளப் பாரு.”

படம் எடுத்த எனக்கே அவை அங்கே இருந்தது தெரியாது. பதினேழு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள். வீடு தெரியும், பார்த்ததில்லை. அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

நெல்லிக்குப்பம் ஆலைச் சங்கு அதுவரை நேரம் சொல்லும் சத்தம்; அப்பா வரப்போகிறார், அம்மா உலை வைப்பாள், அவ்வளவே. 1840-களில் பாரி கம்பெனி கரும்பாலை தொடங்கிய இடம் அது என்று படித்த பிறகு, அரவைக் காலத்தில் சாலையோரம் கரும்பு வண்டிகள் வரிசையாகக் காத்துக்கிடப்பதும், டிரைவர்கள் டயர் நிழலில் துண்டை விரித்துத் தூங்குவதும், காற்று திரும்பும்போது வரும் அந்த வெல்லப்பாகும் புளிப்பும் கலந்த வாடையும் புதிதாக இருந்தன. ஊர்த் தேவாலயத்து மணியும் அதுவரை வெறும் பக்கத்து மணி. பட்டாம்பாக்கத்தில் 1860-களில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி தங்கித் தொடங்கிய பணிதான் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து பிறகு ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது என்றும், சபைக்குள் சாதியை விட்டுவைப்பதா என்ற சண்டையில்தான் அவர் பழைய மிஷனைப் பிரிந்து வந்தார் என்றும் தெரிந்துகொண்டபோது, அந்த மணியை ஒரு நாள் நின்று கேட்டேன். பெண்ணையாற்று மணலில் டிராக்டர் சக்கரத் தடம். ஸ்டேஷன் கிராதியில் காயப்போட்ட பாய். எல்லாமே ‘ஷாட்’.

அங்கேதான் ஒன்று நழுவியது. ஊர்த் திருவிழாவில் மாவிளக்கு எடுத்துக்கொண்டு அத்தை பெண்கள் வரிசையாக வந்தபோது நான் அந்த வரிசையில் இல்லை. மேலிருந்து நன்றாகத் தெரியும் என்று மதில் மேல் ஏறி நின்றிருந்தேன். அத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: “ஏ பாப்பா, எறங்கி வந்து சாமி கும்புடுடி!” “இதோ வரேன் அத்த” என்றேன். வரிசை போய்விட்டது. தட்டுகளின் நெய் வாடை மேலே வந்தது. படம் நன்றாக வந்திருந்தது, வகுப்பில் எல்லாரும் பாராட்டினார்கள்.

கேமரா வைத்திருந்த எல்லாருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் படம் எடுப்பவன் பந்தியில் உட்காருவதில்லை. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். அந்த மூன்று வருஷத்துக்கு முன் நான் ஊரில் இருந்தேன், ஊரைப் பார்க்கவில்லை. அதற்குப் பின் பார்க்கத் தெரிந்தது, ஊரில் இல்லை. காலையில் பாசஞ்சர் ஏறி, ‘எப்படிப் பார்ப்பது’ என்று படித்துவிட்டு, மாலையில் அதே ரயிலில் திரும்பி வந்து பார்க்க முடிந்த காலம் நடுவில் அந்த ஒரு துண்டுதான். எனக்கு ஊர் வேண்டுமா, கல்லூரி வேண்டுமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் இடையில் ஓடிய அந்த ரயில் நேரம் வேண்டும்.

இரண்டாம் வருஷம் நடுவில் ‘தானே’ புயல் வந்தது. 2011 டிசம்பர் 30, விடியும் நேரம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது என்று பிறகு படித்தோம். அந்த நேரத்தில் எங்களுக்கு அது எங்கள் கூரைக்கு மேலேயே ஏறியது. இரவெல்லாம் தகரங்கள் பறந்து எங்கெங்கோ மோதின. அப்பா பேட்டரி ரேடியோவைக் காதோரம் வைத்து உட்கார்ந்திருந்தார். விடிந்து வெளியே வந்தபோது தெருவில் வேப்பமரம் இல்லாததால் வானம் அதிகமாக இருந்தது. மின்கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் செல்போனுக்கு சார்ஜ் போட 10 ரூபாய் வாங்கினார்கள்.

சுனாமிக்குக் கடற்கரைக்கு வந்து பழகிய கேமராக்கள் இந்த முறையும் கடற்கரைக்கு வந்தன. உள்ளே பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்த தோப்புகளுக்கு வர நாளாயிற்று. கல்லூரி திறந்ததும் சார் வகுப்புக்குள் வந்து, “இது உங்க வீட்டு வாசல்ல நடந்திருக்கு. வேற எவனோ வந்து எடுக்கற வரைக்கும்…” என்று சொல்லி நிறுத்தினார். துறையின் மினி DV கேமராவையும் இரண்டு டேப்பையும் எங்கள் குழுவிடம் கொடுத்தார். பேட்டரியை அந்தப் பத்து ரூபாய்க் கடையிலேயே சார்ஜ் போட்டோம். கேமரா பேட்டரி என்றதும் கடைக்காரர் காசு வாங்கவில்லை. “நல்லா எடுங்க, எல்லாரும் பாக்கணும்” என்றார்.

மாளிகம்பட்டுப் பக்கம் ஒரு தோப்பு. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. பெரிய பலா விழுந்தால் வேரோடு ஒரு சுவர் அளவு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. அந்தக் குழிகளில் தண்ணீர் நின்று, உள்ளே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தோப்புக்காரத் தாத்தா வெற்றுடம்போடு, தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். எங்களிடம் இருந்தது காலர் மைக். அவருக்குக் காலரே இல்லை. சற்று நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் துண்டின் ஓரத்தில் அதைக் குத்தினோம். அவர் பேசப் பேசத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒவ்வொரு முறையும் ஹெட்போனில் சரசரவென்று பெரிய உரசல். எங்களுக்கு நடுக்கம், நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை.

“எங்கப்பா வச்சது,” என்றார், விழுந்த அடிமரத்தில் கை வைத்து. “அவரு காலத்துல இவ்ளோ காய்க்கல. நாந்தான் தின்னேன், எம்புள்ளைங்க தின்னுச்சி.” சரசர. “வீணைக்கு, மத்தளத்துக்குன்னு தேடி வந்து மரம் கேப்பாங்க. இப்ப எல்லாரு தோப்புலயும் உழுந்து கெடக்கா, வெறகு வெலக்கி கேக்கறான்.” சரசர.

பண்ருட்டிப் பலாவில் செய்த தஞ்சாவூர் வீணைக்குத் தனி மதிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது இங்கே தமிழ்ப் பிள்ளைகளின் மேடையில் வீணையைப் பார்க்கும்போது அதன் குடத்தில் பார்வை நின்றுவிடுகிறது. எந்தத் தோப்போ.

நின்றுகொண்டிருந்த ஒரு மரத்திடம் அழைத்துப் போனார். பிஞ்சு விடும் பருவம், பழம் எதுவும் இல்லை. ஆனாலும் பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்ட வேண்டும் என்பது அவருக்கு. விரல் முட்டியால் அடிமரத்தையே தட்டினார், காதைக் கிட்டே கொண்டுபோனார். “காயின்னா கணீர்னு கேக்கும். பழுத்துச்சின்னா ‘தொப்பு’ன்னு அடங்கிக் கேக்கும். நாளக்கிப் பழுக்கும்னா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கேக்கும், அது சொல்லித் தர முடியாது, கேட்டுகினே இருந்தா வரும்.” எங்கள் கையையும் பிடித்துத் தட்டவைத்தார். மைக் துண்டில் இருந்ததால் அது சரியாகப் பதியவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: “எப்பம்மா டிவில போடுவாங்க?”

“சொல்றேன் தாத்தா.”

டேப்பை கம்ப்யூட்டரில் ஏற்ற, ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓடும்போதே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் எடுத்தவை எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். இன்று கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது, பார்க்காமலேயே வெட்டலாம். துண்டு உரசிய இடங்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார்கள், ஒலி தரம் போதாது என்று. 1948-இல் ஷானன் வரைந்து காட்டிய தகவல் தொடர்பு வரைபடத்தில் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், இரைச்சலுக்கு. தேர்வுக்குப் படித்த எல்லாருக்கும் அது நினைவிருக்கும். சொல்ல வந்ததைக் கெடுப்பது எதுவோ அது இரைச்சல். எங்கள் படத்தில் இரைச்சலை எடுத்தபோது, அந்தத் தாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்ட இடங்களெல்லாம் போயின. மிச்சம் இருந்தது புள்ளிவிவரம் சொல்லும் ஒரு பெரியவர். 12 நிமிடப் படம். கல்லூரி அரங்கில் கைதட்டினார்கள். எந்த டிவியிலும் வரவில்லை.

இப்போது என்னிடம் இருக்கும் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் உரசல் மட்டும் போய்க் குரல் தங்கும். எவ்வளவோ நல்ல வசதி. என்னிடம் அந்த டேப் இல்லை.

ஊரில் பீரோவில் இருந்தது, ரசகற்பூர உருண்டையோடு. அப்பா போன பிறகு அம்மாவை அண்ணன் சென்னைக்கு அழைத்துக்கொண்டார், வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. பீரோ எங்கே போனது என்று கேட்டேன். சித்தப்பா வீட்டில் என்றார்கள். டேப் என்றால் அவர்களுக்குப் பாட்டு டேப்தான். கிடைத்தாலும் போட்டுப் பார்க்கக் கருவி வேண்டும். விடுங்கள்.

கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒருவன் பண்ருட்டியில் கல்யாண ஸ்டூடியோ, நன்றாக ஓடுகிறது. ஒருத்தி வங்கியில். ஒருவன் இன்னும் உதவி இயக்குநர். போன் எடுத்தால் ‘அடுத்த வருஷம்’ என்பான், நானும் ‘ஆமாடா’ என்பேன். ஸ்கேலை மைக்காகப் பிடித்தவன் துணிக்கடை வைத்திருக்கிறான், வாசலில் விற்பனை அறிவிப்பை அவனே பேசுகிறான் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

அண்ணன் மகள் இப்போது அதே படிப்பைச் சென்னையில் படிக்கிறாள். அவள் போனில் இருக்கும் கேமரா எங்கள் துறையின் எல்லாக் கருவிகளையும் சேர்த்துவைத்ததைவிட மேல். நேற்று எடுத்ததை நேற்றே உலகம் பார்த்துவிடுகிறது. யாரும் அவளிடம் ‘எப்ப டிவில வரும்’ என்று கேட்பதில்லை. எனக்குப் பொறாமை இல்லை. அவளுக்குக் கிடைக்காதது ஒன்று உண்டு என்று நினைத்துக்கொள்வேன்: வகுப்பு முடிந்து ரயில் ஏறி, தான் படம் எடுத்த மனிதர்களுக்கு நடுவிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து வீட்டுக்குப் போவது. பிறகு, இதை அவளிடம் சொன்னால் ‘அத்தை, நீங்க ரொம்ப ஃபீல் பண்றீங்க’ என்பாள் என்று தெரியும், சொல்வதில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அவள் கடைசியாக எப்போது போனாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு முறை போனில் பிடித்தேன். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். கதைக்குத் தேவையில்லாத சத்தத்தை விட்டுவிட வேண்டும் என்ற விதியையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “எது தேவைன்னு யாரும்மா…” என்றார், அப்படியே விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அந்தத் தோப்புக்காரத் தாத்தா இல்லை. ‘தானே’க்குப் பிறகு அவர் வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறதாம். ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் மூலம் பேரனின் எண் கிடைத்தது, பேசினேன். என்னை நினைவில்லை, கேமராவோடு யாரோ வந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றான். அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தானாம். இந்தப் பருவத்தில் முதல் பழம் இறக்கியதும் போட்டோ அனுப்பினான். மடியில் பழத்தை வைத்துக்கொண்டு அவன் குழந்தை சிரிக்கிறது. முள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்திருக்கிறான். பின்னால் இருக்கும் மரமும் தோப்பும் வேலியும் பச்சையாகக் கரைந்து ஒன்றுமே தெரியவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி என்று பதில் போட்டேன். பிறகு, அந்த மோடை அணைத்துவிட்டு இன்னொன்று எடுத்து அனுப்ப முடியுமா, குழந்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் இருப்பது தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது. அங்கே இப்போது நடுராத்திரி, எப்படிப் பார்த்தான் என்று தெரியவில்லை. “காலைல வெளிச்சத்துல எடுத்து அனுப்பறேன்க்கா” என்று வந்திருக்கிறது.